விதைப் படிகம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடித்துவிட்டேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் வைத்தியலிங்கம். கல்லூரியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தவன். எண்பதாம் வருஷம் வேலையை விட்டுவிட்டு, நெரவியில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லைப் பிடித்தேன். அந்த மில்லுக்குப் பெரிய கரன்ட் கனெக்‌ஷன் இருந்தது. என் உலைக்கு அது வேண்டும்.

சிலிக்கன் கார்பைடு என்றால் சாணைக்கல் என்பீர்கள். அதையே சுத்தமான படிகமாக வளர்த்தால், இன்றைய டிரான்சிஸ்டர்கள் பொசுங்கிப்போகிற சூட்டிலும் வேலை செய்யும். அதை உருக்கி வார்க்க முடியாது. பொடியைக் கிராஃபைட் கிண்ணத்தில் போட்டு, இரும்பு உருகுவதற்கும் வெகு மேலே சூடேற்றினால் ஆவியாகும். மூடியில் ஒட்டியிருக்கும் சின்ன விதைப் படிகத்தில் அந்த ஆவி படிந்து படிந்து வளரும். லெனின்கிராடில் வளர்த்துவிட்டார்கள். எனக்கு வந்ததெல்லாம் கரிக்கட்டை. போன வியாழக்கிழமைதான் முதல்முறையாக உலையில் சூடு ஆடாமல் நின்றது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் கரன்ட் போயிற்று.

சற்றுப் பொறுத்து, பக்கத்து வயல்காரி குஞ்சம்மா வந்தாள். கம்பி அறுந்து அவள் வயலில் விழுந்து, பசு செத்துக் கிடக்கிறதாம். அழுதுகொண்டே, எனக்கு இடைஞ்சலாகிவிட்டதே என்றும் வருத்தப்பட்டாள்.

"லைன்மேன் பூமிநாதன் கம்பத்துல ஏறியிருக்காருங்க. செத்த பொறுத்துக்குங்க சார்."

சரியம்மா என்றேன். அவள் மாட்டிடம் திரும்பிப் போனாள். நான் பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மருக்கு நடந்தேன்.

சுவிட்சை யாரும் தொட்டுவிடாதபடி பூமிநாதனின் ஹெல்பர் சுப்பையன் அங்கே காவல் நின்றான். கரன்ட்டைப் போடு என்று தன்மையாகத்தான் சொன்னேன்.

"மேல ஆள் இருக்காருங்க சார்," என்றான்.

எனக்கும் தெரிந்தது. பூமிநாதனின் காக்கிச் சட்டை அங்கிருந்தே தெரிந்தது. சுப்பையனைக் காதுக்கு மேல் அடித்தேன். விழவில்லை. சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். விரல்களை அடித்து நொறுக்கித்தான் விடுவிக்க முடிந்தது. பிறகு தலையில், அசைவு நிற்கும்வரை. கைப்பிடி வழுக்கியது. வேட்டியால் துடைத்துவிட்டு மேலே தள்ளினேன்.

பூமிநாதன் கத்தவில்லை. உடம்பு வில்லாக வளைந்து, இடுப்பு வாரில் தொங்கியது. சட்டையிலிருந்து புகை வந்தது. வயல் தண்ணீரில் மாட்டின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த குஞ்சம்மா அப்படியே சாய்ந்தாள். வேடிக்கை பார்க்க வரப்பில் கூடியிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள்.

நான் கோபக்காரன் இல்லை, கல்லூரியில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். மூன்று பேரையும் நான்தான் கொன்றேன். படிகத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கரன்ட் வந்ததும் படிகம் பிழைத்ததா என்கிறீர்கள். அது எப்படிப் பிழைக்கும்? குஞ்சம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே உலைக்குள் அது வெடித்த சத்தம் கேட்டுவிட்டது. உலையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தேடினேன்.