பூக் கட்டிப் படித்த கணக்கு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். சாணார்பட்டி டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், பூக்கூடையோடு இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"கணக்கு டீச்சரு எம்மகள அழுக வச்சிருச்சு மதினி."

"அடிச்சுட்டாகளா?"

"அடிச்சிருந்தா நேராக் கேட்டுப்புடலாம்ல. ஆளுக்கு ஒரு முழம் கனகாம்பரம் கட்டச் சொல்லியிருக்கு. முழத்துக்கு இம்புட்டுப் பூன்னா மாலைக்கு எம்புட்டுன்னு கணக்காம்."

"அதுக்கு உங்கூட வீட்லயே இருந்திருக்கலாமே!"

"அதச் சொல்லித்தான் டீசியக் கேக்கப் போறேன். இன்னும் கேளு. கட்டி முடிச்சதும், தினம் கட்டுறவுக விரலு எப்படி இருக்கும்னு நினைச்சு எழுதச் சொல்லுச்சாம். இவ அங்கேயே அழுதுட்டா."

"இது கணக்கா, தமிழா?"

"எனக்கும் வெளங்கல. ஆனா கணக்கக் கேட்டா டக்குன்னு சொல்றா. அதோட விட்டாளா? சாயந்தரம் எங்கையப் பிடிச்சு விரல ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்தா. எங்க வீட்ல அத யாரும் பாத்ததில்ல மதினி."

"அப்ப டீசி?"

பள்ளிக்கூட நிறுத்தம் வந்தது. பூக்காரி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"எக்கா, இறங்குறியா இல்லையா?" என்றார் கண்டக்டர்.

கூடையிலிருந்து ஒரு முழம் பூவை அளந்து கிள்ளினாள்.

"திட்டிட்டு இதக் குடுக்கவா, குடுத்துட்டுத் திட்டவா மதினி?"

ஐப்பசி 12, புதன்கிழமை.