கரைசேர்த்தவள்

ஈரக் காலுறையோடு படகில் உட்காருவதை எந்தப் பிள்ளையும் விரும்புவதில்லை. அதனால் முதல் நாள் காலையிலேயே எல்லாரையும் முழங்காலளவு தண்ணீரில் நிறுத்திவிடுவேன். கொஞ்ச நேரம் சிணுங்குவார்கள். பிறகு பழகிவிடும். பிக்டன் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள இந்தக் குடாக்களில் பல வருடங்களாக இப்படித்தான் பிள்ளைகளைக் கடலுக்குப் பழக்குகிறேன். என்னிடம் வந்த எந்தப் பிள்ளையும் வீடு திரும்பாமல் போனதில்லை. இன்றைக்கும் அது உண்மைதான்.

இந்தக் குழு டூவூம்பாவிலிருந்து வந்தது. ஒரு தேவாலயத்து இளைஞர் குழு. பலருக்கும் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே வருவது இதுதான் முதல் தடவை. கயிறு கட்டிப் பாறையில் இறங்கி, மலையேறி, கூடாரத்தில் தூங்கி, கடைசியாகக் கயாக் என்னும் ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்ட என்னிடம் வந்தார்கள். அவர்களை அழைத்து வந்தவன் கேலம் பிரிட்சார்ட். இளைஞன். வாய் ஓயாது. என்னை ரோ என்றுதான் கூப்பிடுவான்.

"ரோ, என்ன தண்ணி இது? எங்க ஊர்ல பீர்கூட இவ்வளவு சில்லுன்னு இருக்காது."

"பேசாம துடுப்பப் போடு. தானா சூடேறும்."

"எனக்கா, பீருக்கா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் போகும் பக்கமெல்லாம் வாத்துக் குஞ்சுகள் மாதிரி பின்னால் போனார்கள். எனக்கு அவன்மேல் வெறுப்பு எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் புகாமலிருக்கப் படகின் பின்னறை மூடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் என் சட்டைப் பைக்குள் எப்படி வந்தது என்று விசாரணையில் கேட்டீர்கள். அதற்கு ஹமீஷிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஹமீஷ் பழைய குழு ஒன்றில் வந்த பையன். திடீரென்று தெற்குக் காற்று கிளம்பி அவன் படகு கவிழ்ந்தது. அது யாரும் செய்ததல்ல. நான் போய் அவனைத் தூக்கினேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் வேறு எதுவுமே இல்லாததுபோல என் முகத்தையே பார்த்தான். நான் இரண்டு பையன்களைப் பெற்று வளர்த்தவள். அவர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவன் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் அனுப்புகிறாள்.

அதற்குப் பிறகு, எப்போதாவது, ஒரு குழுவில் ஒரு படகின் வளையத்தைக் கழற்றிவிடுவேன். பின்னறையில் மெல்லத் தண்ணீர் ஏறும். படகு தள்ளாடும். பிள்ளை பயந்து கவிழும் நேரத்தில் நான் பக்கத்திலேயே இருப்பேன். நான் ஆபத்தை உண்டாக்கியதாக நினைக்கிறீர்கள். கடலில் அது எப்போதும் இருக்கிறது. எப்போது வரும் என்று தெரியாத ஒன்றை, நான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வரவழைத்தேன், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் தைரியசாலிகளாக ஊர் திரும்பினார்கள். பெற்றோர் நன்றி சொன்னார்கள்.

இந்தத் தடவை ஆட்ரி. பாறையில் இறங்கும்போது பாதியில் நின்று அழுத பெண் என்று கேலம்தான் சொன்னான். அவளுக்கு இது நல்லது என்று பட்டது.

மற்றவர்களைக் கேலமோடு முன்னால் அனுப்பினேன். அவர்கள் நிலமுனையைத் தாண்டிக் கரையேறிவிட்டார்கள். ஆட்ரியின் படகு நான் எதிர்பார்த்த இடத்தில்தான் கவிழ்ந்தது. நான் துடுப்பைத் திருப்புவதற்குள், முனையைச் சுற்றிக்கொண்டு கேலம் திரும்பி வந்துவிட்டான். எண்ணிக்கையில் ஒருத்தி குறைகிறாள் என்று தேடி வந்திருக்கிறான். அவசரத்தில் அவளைப் பிடிக்கப்போய் அவனும் கவிழ்ந்தான். காலியான அவன் படகு நீரோட்டத்தில் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்ரி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். என் படகின் பின்தளத்தில் அவளைப் படுக்க வைத்தேன்.

"அவள மொதல்ல கொண்டுபோங்க ரோ. நான் மிதந்துக்கிட்டு இருக்கேன்." அவன் பற்கள் தந்தியடித்தன. "திரும்பி வருவீங்கல்ல?"

"வருவேன்."

அவனே சொன்னதுதான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இழுவைக் கயிறு என் இடுப்பில் இருந்தது. ஒரு முனையை அவனிடம் எறிந்திருந்தால் பிடித்துக்கொண்டு கூடவே வந்திருப்பான். கொஞ்சம் மெதுவாகப் போயிருப்போம். வயர்லெஸ்ஸும் இருந்தது. அதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீன்பிடிப் படகோ ஹெலிகாப்டரோ வந்திருக்கும். யார் யாரோ வந்து அந்தப் பெண்ணையும் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

பக்கத்துச் சிறு குடாவில் கரையேறினேன். உலர்ந்த துணி மாற்றிவிட்டு, அடுப்பு மூட்டிக் கோகோ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை நிறையப் போட்டேன். கம்பளியில் சுற்றி அவள் கைகளைத் தேய்த்துவிட்டேன். ஆட்ரி கோப்பையைத் தொடவே இல்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேலம் எங்க?"

"வந்துடுவான். நீ இதக் குடி."

"அவருக்குக் குளிருமே. நீங்க போங்க, ப்ளீஸ். நான் தனியா இருப்பேன்."

போயிருக்கலாம். அப்போதுகூட அவன் தெரிந்தான். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, அலையில் ஏறி இறங்கிக்கொண்டு. ஒருமுறை கையைத் தூக்கினான். ஆட்ரி எழுந்து கத்தினாள். நான் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் ஒருமுறை என் பக்கம் திரும்பட்டும், திரும்பியதும் போகலாம் என்று இருந்தேன். அவள் திரும்பவில்லை. கோகோ ஆறிப்போனது. வேறொரு கோப்பை போட்டேன்.

அந்தச் சட்டை வெளிக்கடல் பக்கம் போய் மறைந்த பிறகுதான் வயர்லெஸ்ஸை எடுத்தேன். தேடிப் பார்த்துவிட்டேன், காணவில்லை என்று சொன்னேன். அது பொய். நான் தேடவில்லை. அவன் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியும். மறுநாள் மீனவர்கள் அவன் உடலைக் கொண்டுவந்தபோதும் நான் கரையில்தான் நின்றேன்.

வளையத்தைக் கழற்றியது நான். கயிற்றை எறியாதது நான். வயர்லெஸ்ஸை மூடி வைத்திருந்ததும் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆட்ரி உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேலம்தான் தன்னைக் காப்பாற்றினான் என்று சொல்லியிருப்பாள். சின்னப் பெண், பயத்தில் இருந்தாள், குழம்பியிருக்கிறாள். அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள். அவளைக் காப்பாற்றியது நான்.