பதினோரு நிமிடம்

ஆட்டம் நடக்கும்போது எனக்குப் பசிக்காது, சார். தண்ணீர் மட்டும் குடிப்பேன். அன்றும் அப்படித்தான்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். இருவருமே செஸ் கிராண்ட்மாஸ்டர்கள். எத்தனையோ தொடர்களில் மோதியிருக்கிறோம். ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை. அன்று கடைசிச் சுற்று. ஜெயிப்பவருக்குக் கோப்பை.

முப்பத்திரண்டாவது நகர்த்தலில் என் ராஜா வசமாக மாட்டிக்கொண்டது. அவர் குதிரையை எடுத்து வைத்தால் போதும், என் கதை முடிந்தது. கடிகாரத்தில் அவருக்குப் பதினோரு நிமிடம் மிச்சமிருந்தது; அதற்குள் நகர்த்தாவிட்டால் அவருக்குத் தோல்வி.

குதிரையை நோக்கிக் கையை நீட்டினார். விரல்கள் காயைத் தொடாமல் மேஜைமேல் விழுந்தன. பேனா உருண்டு கீழே போனது. வாயின் ஓரம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது கூடவே இருந்தவன் நான். அது எப்படி ஆரம்பிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"மா... மாப்ளே..." என்றார். நாக்கு குழறியது.

ஆட்டத்தின் நடுவே பேசக்கூடாது. உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

சற்று நேரத்தில் அவர் தலை மார்பில் கவிழ்ந்தது. தொண்டையில் லேசாக ஒரு கரகரப்பு. எங்களைத் தாண்டிப்போன நடுவர், ஆழ்ந்து யோசிக்கிறார் என்று நினைத்து, அடிமேல் அடி வைத்து நகர்ந்தார். எதிராளியின் யோசனையைக் கலைப்பது விதிமீறல். நானும் கலைக்கவில்லை.

தலையை நிமிர்த்தி மூச்சுக்கு வழி செய்திருந்தாலே பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

வீட்டில் என் மனைவி கேட்டாள்: "எதிர்லதானே உக்காந்திருந்தீங்க? உங்களுக்கு எதுவுமே தெரியலையா?"

"யோசிக்கிறார்னு நினைச்சேன்மா."

நம்பினாள். அழுதுகொண்டே என் முதுகைத் தடவி, "பாவம், உங்க மனசு என்ன பாடுபடுதோ" என்றாள். அண்ணனைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அன்றிலிருந்து அவள் பக்கம் முதுகைத் திருப்பி என்னால் படுக்க முடியவில்லை.

யாரையும் கூப்பிடவே இல்லையா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டேன், சார். அவருடைய கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் கையைத் தூக்கி நடுவரை அழைத்தது நான்தான்.

"இவருக்கு நேரம் முடிஞ்சுபோச்சு" என்றேன்.