ஓடுவதற்கு ஓர் இடம்

“பணத்தைத் திருப்பிக் குடுக்க வேண்டாமுங்க, என்னைய ஓட மட்டும் உடுங்கன்னு கேட்டேன் கண்ணு.”

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையிலிருந்து இது காதில் விழுந்தது. பனியன் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். பேசியவருக்கு நாற்பது வயதிருக்கும். அருள்புரத்தில் ஒரு ஜிம்மில் வருடச் சந்தா கட்டிச் சேர்ந்திருக்கிறார். ஓடுகிற மெஷின் பழுதாகிக் கிடக்கிறது. சரிசெய்யவும் மாட்டார்களாம், பாதியில் விலகவும் முடியாதாம்.

“எதப் பாத்துச் சேந்தீங்கக்கா?” என்றாள் இளையவள்.

“போன்ல ரிவ்யூ பாத்துத்தான். ‘இங்க ஓடறப்ப ஸ்கூல் கிரவுண்டுல ஓடற மாதிரியே இருக்கு’ன்னு ஒரு பொண்ணு எழுதியிருந்தா. நானும் பள்ளிக்கூடத்துல ஓடுனவதான்.”

“அதெல்லாம் அவங்களே ஆள் வெச்சு எழுதறதுங்கக்கா. நீங்க ஒத்த ஸ்டார் போட்டு உடுங்க.”

“போட்டுட்டேன். ஆனா அந்தப் பொண்ணு பொய் சொல்லல கண்ணு. ஓடாதவளுக்கு அப்படி எழுத வராது.”

இளையவள், “காலைல நம்ம ரோட்டுலயே ஓடலாமில்லீங்கக்கா?” என்றாள்.

“ஓடுனேனே. பால்காரர் வண்டிய நிறுத்தி, ‘ஏனுங்க, ஊட்டுல யாருக்கு என்னாச்சு?’ன்னு பதறிட்டாரு. ஏறுங்க, கொண்டுபோயி உடறேன்னாரு.”

இளையவள் சிரித்துவிட்டாள். “அப்பறம்?”

“ஏறி உக்காந்துட்டேன் கண்ணு. சும்மாதான் ஓடறேன்னு சொல்ல வாய் வரல.”