ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம்

பேட்டரி ஸ்கூட்டர் வாங்க வருகிறவர்கள் பேட்டரியைப் பற்றியே கேட்பார்கள். சக்கரத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆரணியில் அத்தகைய வண்டிகளை விற்றும் பழுதுபார்த்தும் வரும் குமரேசனாகிய நான், நாற்பதாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேறியவன். உருளும் சக்கரத்தைத் தரை எவ்வாறு தடுக்கிறது என்பதை அறிவியல் நூலைப் படித்தே அறிந்தேன். டயர் அகலமாகவும் மென்மையாகவும் இருந்து, காற்றும் குறைந்திருந்தால், அது தரையில் நசுங்கி நசுங்கி உருளும். சக்கரத்தின் விட்டமும் கூடினால், அதே மோட்டார் புறப்படும்போதும் மேடேறும்போதும் மிகுதியான மின்சாரத்தைக் குடிக்கும். எனவே ஒரே சார்ஜில் வண்டி ஓடும் தூரம் குறையும். ஐயா, இதை முதலில் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

என் மனைவி ஹேமலதா, தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் கொடுத்துச் சேலை நெய்து வாங்குபவள். சந்தவாசலில் அவளுக்காகச் சில தறிகள் ஓடின. 2009ஆம் ஆண்டு அவளுக்கு ஒரு பேட்டரி ஸ்கூட்டரை நானே அளித்தேன். அமாவாசையன்று எவரும் தறியில் உட்காருவதில்லை என்பது ஊரறிந்தது. அவளோ அமாவாசை தவறாமல் சந்தவாசலுக்குப் போனாள். காரணம் கேட்டேன்.

"தறி சும்மா கெடக்கற அன்னிக்குத்தானே புதுப் பாவு பிணைக்க முடியும்? நெய்யற வூட்ல பொறந்துட்டு இதுகூடவா தெரியாது உங்களுக்கு?" என்று சிரித்தாள்.

விடை தயக்கமின்றி வந்தது. தயக்கமின்றி வரும் விடை முன்பே தயாரிக்கப்பட்டது என்று கொள்வதே முறை.

நான் சந்தேகப் பிராணி அல்லன். சோதித்து அறியாமல் எதையும் நம்பாதவன், அவ்வளவே. அவளுடைய வண்டியில் பெரிய சக்கரமும் அகன்ற டயரும் பொருத்தினேன். கிராமத்துச் சாலைக்கு அதுவே பாதுகாப்பு என்றேன். அவள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னாங்க, எருமை மேல குந்திகினு போற மாதிரி கீது. சார்ஜ் முள்ளும் ஜல்தியா எறங்குது."

"புது டயர் பழகுற வரைக்கும் அப்டித்தான் காட்டும்."

"சரிங்க, வாத்தியாரே."

அவள் என்னை முழுமையாக நம்பினாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த அமாவாசைக்கு முன்பு, அதே அளவுச் சக்கரம் பொருத்திய இன்னொரு வண்டியைச் சந்தவாசல் வரை ஓட்டிப் பார்த்தேன். திரும்பும் வழியில், களம்பூரை நெருங்கும் வளைவில் அது நின்றது. அவ்விடத்தில் வீடுகள் இல்லை. நெல் லாரிகள் மட்டும் வரும். வண்டி அங்கே நின்றால், சற்று முன்பு பிரிந்து வந்தவனைத்தானே ஒருத்தி உதவிக்கு அழைப்பாள்? அவன் யார் என்பதைப் பார்க்க, அமாவாசை மாலையில் ஒரு புளியமரத்தின் பின்னால் காத்திருந்தேன்.

வண்டி நான் கணித்த இடத்திலேயே நின்றது. அதன் விளக்குகளும் அணைந்தன. இருள் கவியத் தொடங்கியிருந்தது. ஹேமலதா ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே மறுகையால் கைப்பேசியை எடுத்தாள். ஒலியை அடக்கி வைத்திருந்த என் கைப்பேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், அவள் அடுத்து யாரை அழைப்பாள் என்பது தெரியாமலே போயிருக்கும். மீண்டும் அதிர்ந்தது. பின்னால் லாரி வருவதை அவளுக்கு முன்பே நான் பார்த்தேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் சோதனை கெட்டிருக்கும்.

லாரி ஓட்டுநரைத் தாங்கள் காவலில் வைத்திருப்பது முறையன்று. விளக்கில்லாத வண்டியை அவர் அந்த வளைவில் கண்டிருக்க இயலாது. ஆகையால்தான் நானாகவே வந்தேன்.

அவளுடைய கைப்பேசியில் அன்று மாலை என் எண்ணைத் தவிர வேறு எண் இல்லை என்கிறீர்கள். உண்மைதான். ஆனால், மரத்தின் பின்னால் நான் நிற்பதைப் பார்த்துவிட்டே அவள் அப்படிச் செய்திருக்கலாம். அதையும் தாங்கள் விசாரிக்க வேண்டும்.