வாய்ப்புச் செலவு

பேப்பரில் முதல் பக்கம் அவ்வளவு முக்கியம் இல்லை சார். எல்லாரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். யார் யாரைத் திட்டினார், எங்கே லாரி கவிழ்ந்தது, இதெல்லாம் பரீட்சைக்கு வராது. ஏழாம் பக்கம், ஒன்பதாம் பக்கத்தில் ஒரு மூலையில் நாலு விரல் அகலத்துக்கு ஒன்று போட்டிருப்பான். ஒரு பறவைச் சரணாலயம், ஒரு சட்டத் திருத்தம், ஒரு நோய். அதுதான் வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வருசம் ஆனது.

எழுதத் தெரியுமா என்று ஏட்டையா கேட்டார். தெரியும். நீ சொல்லு, நான் எழுதிக்கிடுறேன் என்றார். வேண்டாம் என்றேன். நானே எழுதினால்தான் விசயம் வரிசையாக வரும். எழுத்துக் கூட்டி எழுதுவதால் நேரமாகும். அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் கூத்தையா. வயது அம்பத்தாறு. தொழில் கரிமூட்டம். முதுகுளத்தூருக்குத் தெற்கே கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோலும் ஈர மண்ணும் பூசி, உள்ளே தீ வைத்துக் கரியாக எடுப்பது. நானும் என் மனைவி பஞ்சம்மாளும் முப்பது வருசமாக இதைத்தான் செய்தோம். மூட்டம் போடும் நாட்களில் அங்கேயே ஒரு தார்ப்பாய்க் கொட்டகையில் தங்கிக்கொள்வோம்.

நாற்பத்து நாலு வயதுவரை நான் கைநாட்டு. என் மகள் ஜெயசுதாவைக் காலேஜில் சேர்க்கப் போனபோது, அங்கே இருந்த கிளார்க் மை டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் மேசையைத் துணியால் துடைத்தார். சுதா அதைப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வடை மடித்து வந்த பேப்பரை விரித்து, பெரிய எழுத்துத் தலைப்பில் விரலை வைத்து, இது 'க', இது 'ம' என்று ஆரம்பித்தாள். ஒரு வருசம் எனக்குத் தலைப்பு மட்டும்தான் படிக்க வரும். பொடி எழுத்து அப்புறம் வந்தது. இங்கிலீஷ் இன்றுவரை வராது.

அவள் பட்டம் வாங்கிய பிறகு கலெக்டர் பரீட்சைக்குப் படிப்பது என்று முடிவானது. முதலில் சொன்னது அவளா நானா என்று இப்போது ஞாபகம் இல்லை. ரெண்டு பேரும் சொன்னோம் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தாள். நடப்பு நிகழ்வு என்று ஒரு பாடம் உண்டாம், அதற்குத் தினமும் பேப்பர் பார்க்கணுமாம். அதை நான் பார்த்துத் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். கட்டை தூக்கும் தகப்பன் வேறு என்ன தர முடியும்.

மதார் தன் டீக்கடைக்கு வரும் பேப்பரை எனக்கென்று எடுத்து வைத்துவிடுவார். "ராசிபலனை மட்டும் வெட்டிறாதீங்கண்ணே, அது இல்லைன்னா கஸ்டமர் வடை திங்க மாட்டேங்குறாக" என்பார். பக்கத்து மூட்டத்துக்காரன் காளிராஜ் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கலெக்டரய்யா, கச்சத்தீவு என்னைக்கு வருது? வந்தா நமக்கு ரெண்டு ஏக்கர் போட்டு வைங்க" என்பான். நான் சிரித்துக்கொள்வேன்.

ஐந்து நோட்டு போட்டேன். சட்டம், பொருளாதாரம், சுற்றுச்சூழல், அயல்நாடு, சுகாதாரம். ஒட்டுவதற்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் பஞ்சம்மாள் மைதாப் பசை காய்ச்சித் தருவாள். நோட்டு நிறைந்ததும் சென்னைக்குத் தபாலில் போட்டுவிட்டு அடுத்ததை ஆரம்பிப்பேன். சித்திரங்குடிக் கண்மாயில் நான் இருபது வருசம் கை கால் கழுவியிருக்கிறேன், அது உலகம் காக்க வேண்டிய ராம்சர் ஈரநிலம் என்று பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நம்ம முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பஞ்சம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மூட்டம் இல்லாத நாட்களில் மிளகாய் பறித்து வெந்துபோன விரல்களை நீட்டி, "இதுக்கும் ஒண்ணு தருவாகளான்னு எழுதிக் கேளுங்க" என்றாள். அவளுக்கு எதுவும் விளையாட்டுதான்.

செய்தி வேறய்யா, அதுக்குள்ள இருக்கிற கான்செப்ட் வேற என்று சுதா சொல்வாள். செய்தி மறுநாள் செத்துப்போகும், கான்செப்ட் நிற்குமாம். பட்ஜெட் சமயத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒரு வார்த்தை வந்தது. எத்தனை தடவை படித்தும் பிடிபடவில்லை. போனில் கேட்டேன். "மூட்டத்துக்குப் போற அன்னைக்கு நூறு நாள் வேலைக்குப் போக முடியாதுல்ல. விட்டுப்போன அந்த வேலைதான்யா இதோட செலவு" என்றாள். நல்ல பிள்ளை, எனக்குப் புரிகிற மாதிரி சொல்வாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்று போகும். போனதற்குப் பெயர் செலவு. அதை யாரும் குற்றம் என்று எழுதுவதில்லை. பச்சை மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் முதல் படியிலேயே நின்றுவிட்டாள். போதும்யா என்றாள். இன்னும் ஒரு தடவை என்றேன். இதுவும் இல்லையென்றால் நான் இருந்து என்ன என்றும் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். தகப்பன்மார் சொல்வதுதான். இந்த வருசம் முதல் படி தாண்டிவிட்டேன் என்று போன் செய்தாள். லிஸ்ட் இங்கிலீஷில் வந்திருந்தது. மதார் தன் போனில் தேடிப் பார்க்கவா என்றார். மகள் சொன்னதைச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது படி மொத்தம் ஐந்து நாள். போன வெள்ளி, சனி, ஞாயிறு. அப்புறம் வருகிற சனி, ஞாயிறு.

வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மத்தியானம், மூட்டத்துக்கு அடுக்கக் கட்டை உருவிக்கொண்டிருந்தபோது பஞ்சம்மாளைக் கண்ணாடி விரியன் கடித்தது. வலது கணுக்கால். "என்னமோ கொத்திருச்சுங்க" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். பாம்பை நான் அடித்துப் போட்டேன்.

108க்குச் சொன்னால் அரை மணிக்குள் வண்டி வந்திருக்கும். ஆஸ்பத்திரியில் அதற்கு ஊசி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பாம்புக்கடியை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்று அறிவித்த செய்தியை வெட்டி ஒட்டியவனே நான்தான். சுகாதார நோட்டு, நாற்பத்தோராம் பக்கம். இதை எழுதாமல் விட்டால் வாக்குமூலம் முழுசாக இருக்காது.

ஆனால் வண்டி சத்தம் போட்டுக்கொண்டு ஊருக்குள் வரும். ஐந்து நிமிசத்தில் யாராவது வாட்ஸப்பில் போட்டுவிடுவார்கள். சுதா பஸ் ஏறிவிடுவாள். வெள்ளிக்கிழமை காலையில் கட்டுரைப் பேப்பர். ஒரு பேப்பர் போனாலும் எல்லாம் போச்சு. பஞ்சம்மாளிடம் பொறுமையாக இதைச் சொன்னேன். மூணு நாள் தாங்கிக்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன் என்றேன். அவள் என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். என்னமோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். அவள் போனை வாங்கி அணைத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கால் தொடைவரைக்கும் வீங்கிவிட்டது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"அவ பரிச்சையே எழுதலைங்க. மொதப் படியே தாண்டல. நீங்க தாங்க மாட்டீகன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிச்சு. ஒரு ஜெராக்ஸ் கடையில வேலைக்கு நிக்கிது. அது தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன், சொல்ல மாட்டேன்னு. வண்டிக்குச் சொல்லுங்க."

உயிர்ப் பயத்தில் மனுசர் எதையும் சொல்வார்கள். அதற்காக அவளை நான் கோபிக்கவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குச் சுதா போன் செய்தாள். கரை மேல் ஏறிப்போய்ப் பேசினேன். பரீட்சை எப்படி என்றேன். நல்லா எழுதியிருக்கேன்யா என்றாள். கட்டுரைக்கு என்ன தலைப்பு என்றேன். தலைப்பாய்யா என்று திருப்பிக் கேட்டாள். தண்ணீர் பத்திய்யா என்றாள். தண்ணீரைப் பற்றி மட்டும் இருபத்திரண்டு செய்தி வெட்டி அனுப்பியிருந்தேன் சார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாட்ட குடுங்க என்றாள். அம்மா தொண்டியில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கு, போன்ல சார்ஜ் இல்லை என்றேன். கொட்டகைக்குத் திரும்பி வந்து பஞ்சம்மாளிடம் சொன்னேன், பாரு, தண்ணீர் பத்தி வந்திருக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை காளிராஜ் மண்வெட்டி கேட்டு வந்தான். பேச்சுக் குரல் கேட்டு அவள் சத்தம் கொடுத்தாள். நான் உள்ளே போய் அவள் வாயில் துண்டை வைத்தேன். கட்டவில்லை. அவன் போகும்வரை அமுக்கிப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். உள்ள யாருண்ணே என்றான். ஆட்டுக்குட்டி, காலு ஒடிஞ்சிருச்சு என்றேன். கறி போடும்போது நம்மளையும் நினைங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிறன்று மதியப் பேப்பர் ரெண்டரைக்கு ஆரம்பம். பஞ்சம்மாள் மூச்சு நின்றபோது மூன்று மணி இருக்கும். அந்த நேரம் சுதா தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அது ஒரு ஆறுதலாக இருந்தது. சாயங்காலம் கூட்டிப்போகிறேன் என்று சொன்னது மெய்யாகத்தான் சொன்னேன். ரெண்டு மணி நேரத்தில் தவறிவிட்டது.

அடுத்த சனி, ஞாயிறு இன்னும் பாக்கி இருந்தது. எடுத்து அடக்கம் செய்தால் முதலில் தெரிகிற ஆள் சுதாதான். மூட்டம் தயாராக நின்றது. தீ வைப்பதற்காக நடுவில் இடம் விட்டு அடுக்குவதுதான் முறை. மேல் ரெண்டு வரிசைக் கட்டையை இறக்கி, அவளை அதில் வைத்து, மறுபடி அடுக்கினேன். வைக்கோல் போட்டேன். மண் பூசினேன். எப்போதும் மண்ணைத் தட்டித் தட்டிச் சமமாக்குவது அவள்தான், நான் பூசினால் வெடிப்பு விழும். பொழுது சாய்வதற்குள் தீ வைத்துவிட்டேன். அந்த ஞாயிறு பசை காய்ச்ச ஆள் இல்லாததால் அந்த வாரச் செய்திகளை ஒட்டவில்லை, மடித்து வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை காலையில் சுதா வந்து நின்றாள். தொண்டிச் சித்திக்குப் போன் செய்திருக்கிறாள், அம்மா அங்கே வரவில்லை என்று தெரிந்துவிட்டது. பரீட்சையை விட்டுவிட்டு ஏன் வந்தாய் என்று நான் சத்தம் போட்டேன். அவள் கொட்டகை வாசலையே பார்த்தாள்.

"அம்மா செருப்பு இங்கன கிடக்கு" என்றாள். "செருப்பில்லாமயாய்யா தொண்டிக்குப் போச்சு?"

செருப்பை மறந்துவிட்டேன். அதன் பிறகு மறைக்கவில்லை, இப்போது எழுதியதை எல்லாம் அவளிடம் வரிசையாகச் சொன்னேன். உன் பரீட்சைக்காகத்தான் என்றேன். அவள் அழவில்லை. மூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பரிச்சைய்யா" என்றாள். ஜெராக்ஸ் கடை என்றாள். நான் அனுப்பிய நோட்டுகளைப் பிரிக்கவே இல்லை, எல்லாம் போனிலேயே வருகிறது, கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கில் கிடக்கிறது என்றாள். பஞ்சம்மாள் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னாள். தாயும் மகளும் எப்போதும் ஒரே பேச்சுதான். உங்களுக்குப் போன் செய்தது அவள்தான்.

கொட்டகையில் இருந்த நோட்டுகளை நீங்கள் எடுத்து வந்திருக்கிறீர்கள். அதில் ஆறாவது ஒன்று இருக்கும். அதைச் சுதாவுக்கு நான் அனுப்பியதில்லை. மூட்டை தூக்குகிறவர் மகள், ஆடு மேய்க்கிறவர் மகன், பரீட்சையில் ஜெயித்தபோது வந்த படங்கள். பிள்ளைகள் தகப்பன் வாயில் இனிப்பு ஊட்டுவார்கள். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதைக் கிழிக்க வேண்டாம்.

வைத்தியம் பார்க்காமல் விட்டது, போனைப் பறித்தது, வாயை அடைத்தது, மூட்டத்தில் வைத்தது எல்லாம் நான் ஒருத்தன். வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை. பஞ்சம்மாளைக் கொன்றவன் நான்தான் என்று எழுதச் சொன்னால் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். கைநாட்டு வேண்டாம்.

மூட்டத்தை இன்றைக்கே பிரிக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறீர்கள். இப்போது வெள்ளைப் புகைதான் வருகிறது. இந்த நேரத்தில் மண்ணைத் தள்ளினால் காற்று புகுந்து தீ எழும்பிவிடும், எல்லாம் சாம்பலாகிவிடும், உங்களுக்கு வேண்டியது கிடைக்காது. புகை நீலமாகி நிற்கட்டும். திங்கட்கிழமை பிரிக்கலாம். நானே வந்து காட்டுகிறேன்.

இன்றைக்கு வியாழக்கிழமை. சுதாவை வெளியில் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். இன்னும் ரெண்டு நாள் பரீட்சை பாக்கி இருக்கிறது சார். நாளைக் காலை அவளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் சனிக்கிழமைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். மடித்து வைத்த செய்திகளை அவள் கையில் கொடுத்துவிடுங்கள், வழியில் படிக்கட்டும். பரீட்சையே இல்லை என்று அவள் சொல்வாள். பயத்தில் சொல்வது, நம்ப வேண்டாம்.