ஆற்றோரப் பாதையில் மஞ்சள் துப்பட்டா

மாலை ஆறரை மணி. ஆற்றை ஒட்டிப் போகும் சைக்கிள் பாதை. ஈ காக்கை இல்லை... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்லக்கூடிய கதை இல்லை இது.

தோழி ஒருத்தியின் அத்தைக்கு நடந்தது. அப்போது அவளுக்குக் கல்யாணமாகவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்பவர்களோடு தொங்குபாலத்தைப் பார்த்துவிட்டு, வாடகை சைக்கிளில் ஆற்றோரமாகப் போவதாகத் திட்டம். அவளுடைய அக்காவும் ஒட்டிக்கொண்டாள். தையல் கடையில் வேலை செய்து தங்கையைப் படிக்க வைத்தவள். சைக்கிள் அரைகுறையாகத்தான் ஓட்டுவாள்.

பாலத்தின் நடுவில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி, தொட்டில் மாதிரி ஆடுதே" என்று உரக்கச் சிரித்தாள்.

"யாரு இவங்க? உங்ககூடவா வந்தாங்க?" என்று ஒருத்தி அத்தையிடம் கேட்டாள்.

"தெரிஞ்சவங்க," என்றாள் அத்தை. "பக்கத்து வீடு."

அக்காவின் சிரிப்பு நின்றது. மஞ்சள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆமாங்க, பக்கத்து வீடுதான்."

பாலத்தை விட்டு இறங்கியதும் அத்தை திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள். பாதையின் மறுமுனையில் மற்றவர்கள் சைக்கிளை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அக்கா வந்து சேரவே இல்லை. அவளைத் தேடி, அத்தை வந்த வழியே திரும்பினாள். தனியாக.

பாதி வழியில்... முன்னால் மஞ்சள் துப்பட்டா. பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முடியாமல் திரும்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தாள் அத்தை. கூப்பிட வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அக்கா என்று கூப்பிடுவது? பின்னாலேயே போனாள். அவள் சைக்கிள் டிக் டிக்கென்றது. முன்னால் போன சைக்கிளில்... சத்தமே இல்லை. சேற்று வாடை மட்டும்.

மரங்கள் அடர்ந்த இடத்தில் மஞ்சள் துப்பட்டா நின்றது. அத்தையும் இறங்கினாள். நிமிர்ந்து பார்க்கக் கூசியது. தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"தப்புதான்க்கா. உன்னைப் போய் யாரோன்னு சொல்லிட்டேன். என்னை நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு. மன்னிச்சிடு."

தலைமேல் ஒரு கை விழுந்தது. ஈரமான கை. உச்சியிலிருந்து பின்னல் நுனிவரை... மெதுவாகத் தடவியது.

"அழாத."

அத்தை விம்மி விம்மி அழுதாள். நிமிர்ந்தபோது யாரும் இல்லை. முன்னால் போய்விட்டாள் என்று எண்ணிக்கொண்டாள். மனசு லேசாகியிருந்தது.

பாலத்தடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் கிரீஸ். சைக்கிள் செயின் கழன்று தொங்கியது.

"வந்துட்டியா? நீங்க போன கையோட கழண்டுச்சுடி. இந்த இடத்தை விட்டு நகரவே இல்ல நான்."

அத்தை வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதற்கோ காத்திருப்பவள்போல. பிறகு, "சரி, வா" என்று எழுந்தாள்.

'மன்னிச்சிடு' என்ற அந்த வார்த்தையை இரண்டாம் முறை சொல்ல அத்தையால் முடியவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அன்று படுக்கப் போகும்முன் அக்காதான் அவள் பின்னலை அவிழ்த்துவிட்டாள். அவிழ்த்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"இதை யாருடி பின்னிவிட்டது?"

மூன்று பிரிப் பின்னலில் நான்கு பிரிகள் இருந்தன. நான்காவது அத்தையின் முடி இல்லை. அது மட்டும்... இன்னும் ஈரமாக இருந்தது.